எந்த வண்டி?

குழு: நம்ம தெரு, தண்டையார்பேட்டை
சனிக்கிழமை

[காலை 6:12] சரசா அக்கா: வண்டி வந்தாச்சு

[6:31] ரேவதி (2ஆம் மாடி): அக்கா, நான் குப்பை வாளியோடு இறங்கி வந்தால் கீழே நிற்பது தண்ணி வண்டி. திரும்ப மேலே ஏறிக் குடத்தை எடுத்து வருவதற்குள் பைப்பைச் சுருட்டிவிட்டார்கள்.

[6:34] தேவி (மீன் கடை): நான் ஐஸ் வண்டி என்று நினைத்தேன். காசிமேட்டில் நின்றுகொண்டு எங்கே எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன்.

[6:38] டிரைலர் முருகன்: என் வீட்டில் என்னை உலுக்கி எழுப்பி, "வண்டி வந்திருக்காம், கிளம்பு" என்றாள். என் வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிறது. கிளீனர் அதில் தூங்குகிறான். இனி எனக்குத் தூக்கம் வராது.

[6:40] சரசா அக்கா: விடிகாலையில் நம் தெருவில் வண்டி என்றால் தண்ணி வண்டிதானே? இதற்கெல்லாம் பதவுரை எழுத வேண்டுமா?

[6:43] மெக்கானிக் பாஷா: "தண்ணி வண்டி வந்தாச்சு" என்று போட்டிருந்தாலும் சிக்கல்தான் அக்கா. எதிர் வீட்டு அண்ணன் ராத்திரி வீடு வந்து சேர்ந்த கதை என்று நினைத்திருப்பேன்.

[6:44] எதிர் வீட்டு ஏழுமலை: பாய், நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

[6:44] மெக்கானிக் பாஷா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:20] ரேவதி: சரி, தண்ணீர்தான் போயிற்று, இதாவது நடக்கட்டும். கவினுக்கு வீட்டுப்பாடம்: வண்டிக்கு வேறு பெயர்கள் ஐந்து. பைக், கார், ஆட்டோ, லாரி, பஸ் என்று எழுதி வைத்திருக்கிறான். தமிழ் சார், இருக்கிறீர்களா?

[7:26] தமிழ் சார்: இருக்கிறேன் அம்மா. வாகனம், ஊர்தி, சகடம், சாகாடு, பண்டி, ஒழுகை, வையம், பாண்டில். ஐந்து கேட்டாய், எட்டு தந்துவிட்டேன். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் எப்போதும் பொருந்தாது. சாமி ஏறுவது ரிஷப வாகனம். அதை ரிஷப வண்டி என்றால் ஒற்றியூர் கோயில் பக்கம் தலை காட்ட முடியாது. வையம் என்றால் உலகம் என்றும் பொருள், வண்டி என்றும் பொருள். ஒழுகை என்பது உப்பு விற்கும் உமணர்களின் வண்டி. அவர்கள் சாரை சாரையாகப் போவதால் அந்த வரிசைக்கும் அதே பெயர்.

[7:29] டிரைலர் முருகன்: வரிசையாக நின்றால் ஒழுகையா சார்? அப்படியென்றால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எந்நேரமும் ஒழுகைதான்.

[7:37] தமிழ் சார்: சிரிக்காதே முருகா, உன் தொழிலுக்கே பாட்டு இருக்கிறது. புறநானூறு 102, ஔவையார் பாடியது. எருதுகள் இளசு, நுகத்தடிக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, வழியில் என்ன ஆகுமோ, யார் கண்டது? அதனால் உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதன் பெயர் சேம அச்சு. அதியமான் மகன் எழினியை "நீ அந்தச் சேம அச்சு மாதிரி" என்கிறார் ஔவை.

[7:38] மெக்கானிக் பாஷா: ஸ்டெப்னி!

[7:41] தமிழ் சார்: ஸ்டெப்னியேதான் பாய். அந்த வார்த்தைக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் கார் வாங்கினால் மாற்றுச் சக்கரம் கூட வராது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904இல் அதைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில்.

[7:43] மெக்கானிக் பாஷா: இத்தனை வருடமாக ஒரு தெருப் பெயரைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேனா? நாளையிலிருந்து என் கடையில் சேம அச்சுக்கும் பஞ்சர் போடப்படும்.

[7:50] எதிர் வீட்டு ஏழுமலை: மீன்பாடி வண்டிக்குப் பழைய பெயர் ஏதாவது இருக்கிறதா சார்?

[7:53] தமிழ் சார்: இல்லை ஏழுமலை. அது நம்ம ஊர்ச் சொல், அப்படியே இருக்கட்டும். ஆனால் நேற்று நீ கட்டில், பீரோ, அதன் மேல் வாஷிங் மெஷின், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பையனையும் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். குறள் 475 ஞாபகம் வந்தது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அதற்கும் அச்சு முறியும்.

[7:55] எதிர் வீட்டு ஏழுமலை: மயிலிறகு வாடகைக்கு யாரும் கூப்பிடுவதில்லை சார். பீரோவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

[8:10] கார்டு மாமா: நான் ரயில்வேயில் 34 வருடம். எங்களுக்கு வண்டி என்றால் ரயில், வேறொன்றும் கிடையாது. ஸ்டேஷன் அறிவிப்பிலும் "வண்டி எண்" என்றுதான் சொல்வார்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறந்தபோது இந்த ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா வரை வண்டி போனது. நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் என் மருமகனிடம் வண்டி எங்கே என்று கேட்டால் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறான்.

[8:14] டிரைலர் முருகன்: யாருக்கு எது சோறு போடுகிறதோ அதுதான் அவர்களுக்கு வண்டி மாமா. மற்றதெல்லாம் பைக்கு, காரு.

[8:31] ரேவதி: பாட்டி குரல் செய்தி போடத் தெரியாமல் என்னிடம் சொன்னார்கள், அப்படியே எழுதுகிறேன். "டிராம் வண்டி 1953ல நின்னப்போ எனக்கு ஏழு வயசு. ஜட்கால போனா இடுப்பு கழண்டுடும். கைரிக்ஷால ஏறிக் குந்துனா இழுக்கிறவர் முதுகுதான் கண்ணு முன்னாடி. வெயில்ல அது பளபளன்னு மின்னும். பாக்கக் கூச்சமா இருக்கும். ஆனா ஏறிக்கிட்டுதான் போனோம்."

[8:36] தமிழ் சார்: பாட்டி சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரிக்ஷா ஜப்பானியச் சொல். முழுப் பெயர் ஜின்ரிக்கிஷா. ஜின் மனிதன், ரிக்கி பலம், ஷா வண்டி. பெயரைச் சுருக்கியபோது முதலில் கழன்று போனது மனிதன்தான். இழுக்கிற வேலையிலிருந்து அவனைக் கழற்றிவிட 1973 வரை ஆயிற்று. அந்த வருடம்தான் இங்கே கைரிக்ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள்.

[8:37] கார்டு மாமா: ஆமாம் சார். அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

[8:52] ரேவதி: கவின் எழுதி முடித்துவிட்டான். "ஊர்தி"யை மட்டும் பாட்டி அடிக்கச் சொல்கிறார்கள். அமரர் ஊர்தி ஞாபகம் வருகிறதாம், காலையில் எதற்கு என்கிறார்கள்.

[8:54] தமிழ் சார்: அடித்துவிடட்டும். அதற்குப் பதில் பண்டி. தெலுங்கில் இன்றைக்கும் வண்டிக்கு அதுதான் பெயர். பண்டிக்கு வயிறு என்ற பொருளும் உண்டு.

[8:55] மெக்கானிக் பாஷா: அப்போது முருகனிடம் இரண்டு பண்டி இருக்கிறது. ஒன்று வரிசையில் நிற்கிறது, இன்னொன்று சட்டைப் பட்டனுக்குள் நிற்காது.

[8:55] டிரைலர் முருகன்: பாய், அடுத்த முறை டயரோடு வருகிறேன், இருங்கள்.

[மாலை 5:40] சரசா அக்கா: சகடம் வந்தாச்சு

[5:41] ரேவதி: எந்தச் சகடம் அக்கா? குடமா, வாளியா?