வான்கோழிக்கு வில்லா, ஷாட்கன்னா? கூடாரத்துக்குள் உட்கார்ந்து அடிப்பது வேட்டைதானா?

ஏரிக்கரையான்:
விஸ்கான்சினில் இருக்கிறேன். இந்த வசந்தத்துக்குக் காட்டு வான்கோழி வேட்டை அனுமதி கிடைத்திருக்கிறது, மூன்றாவது தவணை. (தெரியாதவர்களுக்கு: இங்கே ஏப்ரல் மூன்றாவது புதன்கிழமை தொடங்கி ஏழேழு நாளாக ஆறு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் மண்டலவாரியாக இத்தனை அனுமதி என்று கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள்.) தெரிந்தவர் பண்ணையில், அறுத்த மக்காச்சோளத் தட்டை நிற்கும் வயலோரம் பாப்அப் கூடாரம் (விரித்தால் நிற்கும் மறைவுக் கூடாரம்) போட்டு, காம்பவுண்ட் வில்லோடு (கப்பி வைத்த நவீன வில்) உட்காரலாம் என்று திட்டம். வில் ஏன் என்றால், மானுக்காக வாங்கிப் பழகியது கையில் இருக்கிறது. அப்புறம் நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டுதான், ஆனாலும் உரிமம் முடியும் தேதியை எண்ணிக்கொண்டே வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. வில்லுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் கூட வேலை செய்கிற ஒருவர், தாத்தா காலத்திலிருந்து வேட்டையாடும் குடும்பம், "வான்கோழிக்கு வில் எடுக்காதே, காயப்பட்டுப் பறந்து போய் எங்கோ சாகும்" என்று கறாராகச் சொல்கிறார். இங்கே வில்காரர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

குளத்தூரான்:
அவர் சொன்னது சரி. ஷாட்கன்னில், அதாவது ரவை சிதறும் துப்பாக்கியில், தலையும் கழுத்தும்தான் குறி. 40 கெஜத்துக்குள் நின்றால் ரவை பரவி அந்த இடத்தை மூடிவிடும், பறவை நின்ற இடத்திலேயே விழும். அம்பு அப்படி இல்லை. இதயமும் நுரையீரலும் சேர்ந்து ஒரு கைப்பிடி அளவுதான், அதைச் சுற்றி பெரிய இறகுப் பொதி. தோகை விரித்து நிற்கும்போது பறவை இரண்டு மடங்காகத் தெரியும், நீங்கள் உடம்பு என்று நினைத்து அடிக்கிற இடத்தில் வெறும் இறகு இருக்கும். மான் என்றால் ரத்தத் தடம் பார்த்து நடக்கலாம். வான்கோழியின் ரத்தத்தை இறகே உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு மேல் அது பறந்துவிட்டால் தடம் எங்கே தேடுவீர்கள்? சவாலாக இருக்கிறது என்று வில் எடுக்கிறார்கள். சவால் உங்களுக்கு, வலி அதற்கு.

மிசூரி_அம்பு:
குளத்தூரான் அண்ணே, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் 30 கெஜத்தில் அம்பு விடுகிறவனுக்குப் பொருந்தும். கூடாரமே எதற்கு? அந்தத் தூரத்தில் விடாமல் இருக்கத்தான்.

வான்கோழியிடம் நாம் தப்ப முடியாதது அதன் கண்ணிலிருந்துதான். மோப்பம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் கண் படு கூர்மை, நிறம் பார்க்கும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். ஷாட்கன்காரன் மரத்தில் சாய்ந்து முழங்காலில் துப்பாக்கியை வைத்து அசையாமல் இருக்கலாம். வில்லை இழுக்க கை முழுதாகப் பின்னால் வர வேண்டும், அந்த அசைவை வெட்டவெளியில் செய்தால் பறவை போயே போச்சு. கூடாரத்துக்குள் கறுப்புத் துணி, நீங்களும் கறுப்புச் சட்டை, முன்பக்கச் சன்னல் மட்டும் திறந்து முதுகுப்பக்கம் எல்லாம் மூடி இருக்க வேண்டும். பின்னால் வெளிச்சம் வந்தால் உங்கள் நிழலுரு தெரிந்துவிடும், புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு வேடிக்கை, புதிதாக முளைத்த கூடாரத்தைப் பார்த்தால் மான் சந்தேகப்படும், வான்கோழி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. முந்தின நாள் போட்டாலே போதும்.

அப்புறம் டிக்காய். ஊரில் கௌதாரிக்குப் பார்வை வைப்பதைப் போலத்தான், உயிருள்ளதற்குப் பதில் பொம்மை. இளம் ஆண் பொம்மை ஒன்றை, அதாவது ஜேக், கூடாரத்திலிருந்து ஏழெட்டு கெஜத்தில், முகம் கூடாரத்தைப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டை. பெரிய சேவல் வந்தால் ஜேக்கின் முகத்துக்கு நேரே போய் நின்று மிரட்டும், அதாவது முதுகை உங்களுக்குக் காட்டும். விரித்த தோகை அதன் கண்ணை மறைக்கும். அந்த நேரத்தில்தான் வில்லை இழுக்க வேண்டும். எட்டு கெஜத்தில் தவறவிடுகிறவன் வீட்டில் இருக்கலாம்.

பறவைநோக்கி:
இரண்டு பேரும் எந்த ஆயுதம் என்று சண்டை போடுகிறீர்கள், அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இணை சேரும் பருவத்தில், பெட்டையின் குரலைப் போலி செய்து கூப்பிட்டு, பொம்மை வைத்து, துணிச்சுவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு கெஜத்தில் அம்பு. இதில் எந்த இடத்தில் வேட்டை வருகிறது? இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நாம் விட்டுவிட்ட ஒன்றை இங்கே வந்து பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வது எனக்குப் புரியவில்லை. கோழிக்கறி வேண்டுமென்றால் கடை இருக்கிறது.

மிசூரி_அம்பு:
கடைக் கோழி எப்படி வளர்ந்தது என்று பேச ஆரம்பித்தால் இந்த இழை முடியாது, விடுங்கள். பருவம் பற்றி மட்டும் சொல்கிறேன். வசந்தத்தில் தாடி (மார்பிலிருந்து தொங்கும் முடிக்கற்றை போன்றது) உள்ள பறவையை மட்டும்தான் அடிக்கலாம், அதாவது ஏறக்குறைய ஆண் மட்டும் (சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, அது வேறு கதை). ஆண் கூடு கட்டாது, அடைகாக்காது, குஞ்சைப் பார்க்காது. பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் தனியாக உட்காரும். பெட்டைகள் அடைக்குப் போன பிறகு துணை இல்லாமல் அலையும் சேவல்தான் கூப்பிட்ட குரலுக்கு வரும்.

இன்னொன்று. ஏரிக்கரையான் உட்காரப்போகிற விஸ்கான்சினில் 1880-களுக்குப் பிறகு காட்டு வான்கோழியே இல்லை. பண்ணையில் வளர்த்ததைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1976-இல் எங்கள் மிசூரியிலிருந்து காட்டில் பிடித்த பறவைகளைக் கொண்டுபோய் வெர்னன் கவுண்டியில் விட்டார்கள், பதிலுக்கு அவர்கள் ரஃப்ட் கிரவுஸ் என்கிற காட்டுப்பறவையைக் கொடுத்தார்கள். 1983-இல் வேட்டைப் பருவமே திறந்தாயிற்று. நாடு முழுக்கப் பார்த்தால் 1930-களில் சுமார் 2 லட்சம் என்று சொல்லப்பட்டது பிறகு 60 லட்சத்தைத் தாண்டியது. செலவு யாருடையது? 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரி, 70-களில் வில் அம்புக்கும் நீட்டினார்கள், அதோடு உரிமக் கட்டணம். பைனாகுலருக்கு இப்படி ஒரு வரி இல்லை.

பறவைநோக்கி:
வரி கட்டினேன் என்பதால் செய்வது சரியாகிவிடாது. சரி, உங்கள் கணக்கிலேயே வருகிறேன். தென்கிழக்கு மாநிலங்களில் பல ஆண்டுகளாகக் குஞ்சு பிழைக்கும் விகிதம் சரிந்து வருகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லைன் இதையேதான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: பெட்டைகள் இணை சேர்ந்து முடிப்பதற்கு முன்பே மேலாதிக்கம் உள்ள சேவல்களை எடுத்துவிட்டால் இனப்பெருக்கமே குழம்பும் என்று. அதனால்தான் ஜார்ஜியா 2022-இல் பருவத்தைத் தள்ளிப்போட்டு மூன்று பறவை வரம்பை இரண்டாக்கியது, அடுத்த ஆண்டு டென்னசியும் அதையே செய்தது. "ஆண் கூடு கட்டாது, அதனால் எடுத்தாலும் கேடில்லை" என்பது அவ்வளவு எளிய விஷயமாக இருந்தால் இவர்கள் ஏன் தேதியை மாற்ற வேண்டும்? உங்கள் டிக்காய் எதைக் கூப்பிடுகிறது? சண்டைக்கு வருகிற, அந்த மேலாதிக்கச் சேவலைத்தான்.

குளத்தூரான்:
இதில் பறவைநோக்கி சொல்வதில் விஷயம் இருக்கிறது, நான் வேட்டைக்காரன்தான் என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். அலபாமா மாநிலம், பருவத்தின் முதல் பத்து நாள் டிக்காயே வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் இதற்காகத்தான். ஆனால் பழி முழுவதும் வேட்டைமேல் விழக்கூடாது. காடு துண்டு துண்டானது, முட்டையைத் தின்னும் ரக்கூன் பெருத்தது, மே மாத மழையில் நனைந்து குஞ்சு சாவது, எல்லாம் சேர்ந்ததுதான். விஸ்கான்சினில் மூன்றாவது தவணை என்றால் பெரும்பாலும் மே மாதம், பெட்டைகள் பல அடைக்குப் போகத் தொடங்கியிருக்கும். அதனால் ஏரிக்கரையானின் தேதியில் எனக்குக் குறை இல்லை, வில்லில்தான் குறை.

மிசூரித் தம்பி எட்டு கெஜம் எட்டு கெஜம் என்கிறார். காட்டில் சேவல் அவர் கணக்குப்படி நடக்காது. 25 கெஜத்தில் வந்து நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், அரைமணி நேரம் அங்கேயே சுற்றும். விடியலுக்கு முன்னால் எழுந்து போய்க் குளிரில் உட்கார்ந்தவனுக்கு அப்போது விரல் அரிக்கும். கருவி கையில் இருந்தால் ஆசை வரத்தான் செய்யும். ஷாட்கன்காரனுக்கு அந்த ஆசை வந்தாலும் அது நியாயமான தூரம்.

மிசூரி_அம்பு:
ஷாட்கன்காரர்களுக்கு ஆசையே வராது என்கிறீர்களா? ஈயத்தைவிடக் கனமான டங்ஸ்டன் ரவை வந்த பிறகு 60 கெஜம் 70 கெஜம் என்று அடித்துவிட்டு வீடியோ போடுகிறவர்கள் யார்? அங்கேயும் நாலு ரவை பட்டுப் பறந்து போவது நடக்கிறது, தேடிப் போவார் யாரும் இல்லை. வான்கோழித் தோகை விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தவழ்ந்து போகிற பைத்தியக்காரத்தனமும் துப்பாக்கிக்காரர்களுடையதுதான், ஆளையே பறவை என்று சுட்டுவிடும் அபாயம் இருப்பதால் சில மாநிலங்களில் தடையே வந்துவிட்டது.

ஆஸ்டின்_அக்கா:
நான் டெக்சஸ், இங்கே ரியோ கிராண்டி என்கிற வான்கோழி வகை. வில்லில்தான் அடிக்கிறேன், ஆனாலும் இந்தச் சண்டையில் குளத்தூரான் அண்ணன் பக்கம் பாதி, மிசூரித் தம்பி பக்கம் பாதி என்று சமாதானம் பேச வரவில்லை. காயப்படுத்துவது வில்லின் குற்றம் இல்லை, குறி எங்கே என்று தெரியாததன் குற்றம். மானுக்குக் குறி வைக்கிற மாதிரி நெஞ்சுக்குக் குறி வைக்கிறார்கள். வான்கோழிக்கு முன்பக்கம் இருப்பது வெறும் மார்புக்கறி, உயிர் நிற்கும் இடம் அதற்குப் பின்னால், மேலே. பக்கவாட்டில் நின்றால் இறக்கை உடம்போடு சேரும் மூட்டு. முதுகு காட்டித் தோகை விரித்தால் ஆசனவாய், அதைவிட நல்ல குறி கிடையாது. நேராக நின்றால் தாடி முளைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் புதிதாக வருபவர் அந்தக் குறிக்கு அம்பு விடாமல் இருப்பது நல்லது. தோகை விரித்துப் பக்கவாட்டில் நிற்கிறதா, அம்பு விடாதீர்கள், அது இறகைச் சுருக்கும் வரை காத்திருங்கள். பெட்டை மாதிரி ஒரு சின்னச் சத்தம் கொடுத்தால் பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அம்பு நுனிக்கு இரண்டு அங்குலம் விரிகிற மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் கத்தி விரியும் முனை) போதும். கழுத்தைச் சீவுகிற பெரிய கத்தி நுனி ஒன்று விற்கிறார்கள், பட்டால் விழும், படாவிட்டால் முழுதாகத் தவறும், நடுவில் காயம் குறைவு என்பது அதன் நியாயம். ஆனால் கூடார வலைச் சன்னல் வழியாக அது போகாது, அம்பின் போக்கும் மாறும், தனியாகப் பழக வேண்டும்.

பறவைநோக்கிக்கு: நாற்காலி போட்டு உட்காருவது சுகம் என்று நினைக்கிறீர்கள். என் பெண் ஏழாவது படிக்கிறாள், கூடாரம் இல்லையென்றால் அவளைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. அவள் வில் எடுப்பதில்லை, மரத்திலிருந்து சேவல் இறங்கும் முன் போடும் கூச்சலைக் கேட்கத்தான் வருகிறாள். அதற்காக நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை, உங்களுக்குப் பிடிக்காதது உங்களுக்குப் பிடிக்காது, அதை நான் மாற்ற முடியாது.

பறவைநோக்கி:
கூச்சலைக் கேட்க வில் தேவையில்லையே அக்கா.

ஆஸ்டின்_அக்கா:
தேவையில்லைதான். குழம்புக்குத் தேவை. மார்பை மெல்லிசாகச் சீவி மிளகு வறுவல், கால் ரப்பர் மாதிரி இருக்கும், அதைக் குக்கரில் நன்றாக விசில் விட்டுத்தான் குழம்பில் போடவேண்டும். காலைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஏரிக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன், 15 கெஜத்தில் ஒரு குச்சியை நட்டு பறவை அதற்கு அப்பால் நின்றால் அம்பு விடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் குளத்தூரான் அண்ணனுக்குச் சம்மதமா? உட்கார்ந்தபடி கூடாரத்துக்குள்ளிருந்தே அந்தத் தூரத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன், நின்று விடுவதைவிடக் கடினமாக இருக்கிறது, வில்லின் கீழ்முனை நாற்காலியில் இடிக்கிறது.

குளத்தூரான்:
என் சம்மதம் எதற்கு, அனுமதி உங்களுடையது. குச்சி நடுவது நல்லது, நாற்காலியை உயரமானதாக மாற்றுங்கள். ஆனால் 18 கெஜத்தில் ஒரு கிழட்டுச் சேவல் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கே போய் முடிவு செய்ய முடியாது. வில் எடுக்கக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. அப்புறம், சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் இருக்கக்கூடாது, சேவலின் தலை அந்த நிறங்கள்தான். டிக்காயைப் பையில் போட்டுத்தான் தூக்கிப் போக வேண்டும். அடித்தால் பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.

மிசூரி_அம்பு:
18 கெஜத்தில் நின்றால் ஸ்லேட்டில் (குச்சியால் உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் தட்டு) மெதுவாக ஒரு பர்ர் கொடுங்கள், ஜேக்கைப் பார்த்துவிட்ட சேவல் மிச்ச தூரத்தைத் தானே நடந்து வரும். வராவிட்டால் அம்பு விடாமல் போக விடுங்கள். உங்கள் தவணைக்கு ஏழு நாள் இருக்கிறது.