சிங்கப்பூர் வந்த புதிதில் அம்மா தவறிவிட்டார்கள். சபை, துக்கம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி:

பாளையங்கோட்டைக்காரன். எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வந்து, சிங்கப்பூரின் மேற்கு ஓரம் துவாஸ் பக்கம் வேலை. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் அம்மா தவறிவிட்டார்கள். லீவு கிடைக்கவில்லை, அடக்கத்தை போனில்தான் பார்த்தேன். ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. ஊரில் சி.எஸ்.ஐ. சபை. இங்கே எங்கே போவது என்று தெரியவில்லை. ரூமில் இருக்கும் அண்ணன் ஒருவர், "விசுவாசி இப்படி அழக்கூடாது" என்கிறார். எனக்கு ஜெபமே வர மாட்டேன் என்கிறது.

பதில்:

தம்பி, அழுங்கள். அந்த அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது தப்பு. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்கிறாரே தவிர, துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இறந்துபோன லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். நீங்கள் அழுதால் என்ன?

ஜெபம் வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு அதுவே உங்கள் ஜெபமாக இருக்கட்டும்.

போனில் அடக்கம் பார்ப்பது தனிக் கொடுமை. சபையில் அப்படிப் பார்த்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ரைஸ் குக்கர் மேல் போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஊரைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னே, அங்கே நாலரை மணி அடக்கம் என்றால் இங்கே ஏழு மணி, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். யாரோ ஒருவருடைய முழங்கை காமிராவை மறைக்கும். பெட்டியை இறக்கும் நேரத்தில் போனைப் பிடித்திருக்கும் சித்தி மகன் அழத் தொடங்கிவிடுவான், அப்புறம் திரையில் வெறும் மண்ணும் செருப்புக் கால்களும்தான். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி லாரி ஏறுகிற பையனிடம் போய் விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது அநியாயம். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

மண் போடக் கொடுத்து வைக்கவில்லை என்கிறீர்கள். முப்பதாம் நாள் இன்னும் வரவில்லை என்றால், இங்கேயே ஒரு நினைவு ஜெபம் வையுங்கள். ரூமில் முடியாது, தெரியும். போதகரிடம் கேட்டால் ஆராதனை முடிந்ததும் சபையிலேயே ஒரு அறை ஒதுக்கிக் கொடுப்பார். பத்துப் பேர் போதும். அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்று, ஒரு வாசிப்பு, அம்மாவைப் பற்றி நீங்கள் நாலு வார்த்தை. டீயும் கொஞ்சம் பலகாரமும் வைத்தால் போதும், ஊர் மாதிரிச் சாப்பாடு போட வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள். அம்மா பெயரில் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, ஞாயிறு ஜெபத்தில் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஊரில் அம்மா பெயர் சத்தமாக வாசிக்கப்படுவதைக் கேட்பது உங்களுக்கு வேண்டும்.

சரி, எங்கே போவது? ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபை 1887இல் தொடங்கியது. துவாஸிலிருந்து அது தூரம். ஜூரோங்கிலும் தமிழ் மெதடிஸ்ட் சபை உண்டு, உங்களுக்கு அதுதான் வசதி. தோ பாயோ, செம்பவாங், பாசிர் பாஞ்சாங்கிலும் இருக்கின்றன. ஆங்கிலிக்கன் முறை வேண்டுமென்றால் ஃபேரர் பார்க் பக்கம் டோர்செட் ரோட்டில் கிறைஸ்ட் சர்ச். உங்கள் திருநெல்வேலிச் சபை ஆங்கிலிக்கன் மிஷனிலிருந்து வந்தது, 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாம் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆனது. அதனால் இரண்டு இடத்திலும் உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கத்தோலிக்க நண்பர்கள் கேட்டால் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோவிலைக் காட்டுங்கள், 1888இல் கட்டி முடித்தது, தமிழ்ப் பூசை உண்டு. ஞாயிறு ஷிஃப்ட் இருந்தால் வேறு நேரத்தில் கூடுகை இருக்கிறதா என்று சபை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நேரங்கள் மாறும், அதனால் இங்கே எழுதவில்லை.

ஒன்று சொல்கிறேன். பெரிய ஆங்கிலச் சபைகள் இங்கே நிறைய, பாட்டும் விளக்கும் பிரமாதமாக இருக்கும், போய்ப் பாருங்கள். ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டியது, இரண்டு வாரம் வராவிட்டால் "தம்பி எங்கே?" என்று கேட்கிற கூட்டம். ஆராதனை முடிந்த கையோடு பஸ்ஸுக்கு ஓடாமல் டீ குடிக்கும் இடத்தில் நில்லுங்கள். ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதமும் ஞானஸ்நான சர்டிபிகேட் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கல்யாணத்துக்கும் உதவும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. துக்கத்தில் இருப்பவரைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. வாட்ஸ்அப்பில் "விசேஷ ஜெபம், காணிக்கை அனுப்புங்கள்" என்று வந்தால் அழித்துவிடுங்கள். சபையில் பழக்கமானவர் சீட்டு, முதலீடு என்று பேச்செடுத்தாலும் அதே மரியாதைதான்.

தூக்கமே இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் போதகருக்காகக் காத்திருக்க வேண்டாம். 1767 என்ற எண்ணில், தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் எடுப்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஹெல்த்சர்வ் என்ற அமைப்பும் ஆலோசனை தருகிறது. டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் பல் வலிக்கு எங்கே போகிறார் என்று கேளுங்கள்.

லீவு விஷயம் மற்றவர்களுக்கும் சேர்த்து: இங்கே துக்க லீவு சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். சம்பள லீவு மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு விகிதப்படி கிடைக்கும். வேலையில் சேரும்போதே ஹெச்.ஆரிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அபசகுனம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொருவர் கேள்வி:

அக்கா, இரண்டு சந்தேகம். ஆபீஸில் சீன மேனேஜரின் அப்பா இறந்துவிட்டார், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருக்கிறார்கள். ஊதுபத்தி பிடிக்கச் சொன்னால் என்ன செய்வது? அப்புறம், என் அப்பா அம்மா விசிட்டில் வரப்போகிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது. ஏதாவது ஆகிவிட்டால்?

பதில்:

கட்டாயம் போங்கள். இறந்தவரின் படத்துக்கு முன்னால் நின்று தலை குனிந்து மனதுக்குள் குடும்பத்துக்காக ஜெபித்துவிட்டு வாருங்கள். "நான் கிறிஸ்தவர்" என்று மெதுவாகச் சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுப்பதில்லை. இங்கே சீனக் கிறிஸ்தவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளைக் கவரில் பணம் வைப்பது வழக்கம், பெக் கிம் என்பார்கள். அது இறுதிச் செலவுக்கு உதவி, அதில் சாமி சமாச்சாரம் எதுவும் இல்லை. சிவப்பு உடை வேண்டாம். கிளம்பும்போது சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மாட்டேன் என்று அந்த இடத்தில் சாட்சி சொல்ல நிற்காதீர்கள். துக்க வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதே சாட்சிதான்.

அப்பா அம்மா விஷயத்தில், வரும் முன்னே பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள், உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரி பில் தாங்காது. இங்கே மரணம் நேர்ந்தால் டாக்டர் ஆன்லைனில் சான்றளித்ததுமே பதிவாகிவிடும், 2022 மே மாதத்திலிருந்து இப்படித்தான். சான்றிதழை 30 நாளுக்குள் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக எம்பாமிங், பெட்டி, கிரேஞ்ச் ரோட்டில் இந்தியத் தூதரகத்தின் கடிதம் எல்லாம் வேண்டும், அலைச்சலை ஃபியூனரல் டைரக்டர் பார்த்துக்கொள்வார்.

இங்கேயே அடக்கம் என்றால் சுவா சூ காங் கல்லறை ஒன்றுதான் திறந்திருக்கிறது, அதிலும் 15 வருடம்தான். அப்புறம் தோண்டி எடுத்துத் தகனம் செய்வார்கள். அதனால் பலர் முதலிலேயே மண்டாய் தகனச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். தகனம் பண்ணலாமா என்று ஊரில் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். உயிர்த்தெழுதல் எலும்பு மிஞ்சுவதைப் பொறுத்ததல்ல என்பது என் கருத்து, ஆனால் அப்பாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைத் தம்பி, முப்பதாம் நாள் எந்தத் தேதி என்று இங்கே எழுதுங்கள். ஜூரோங் பக்கம் இருப்பவர்கள் யார் யார் வர முடியும் என்று கேட்டுப் பார்க்கிறேன்.