எல்லைக்கோடு உங்கள் வீட்டுக்குள் புகுந்த கதை இருந்தால் சொல்லுங்கள்

குழித்துறைக்காரன்:
போன மாதம் சென்னையில் ஒரு வங்கிக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். ஈடாகக் காட்டியது குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் இருக்கும் பதினான்கு சென்ட் தென்னை விளை. மூலப்பத்திரம் கேட்டார்கள். பாட்டா காலத்துப் பிரமாணத்தை, அதாவது பத்திரத்தை, நீட்டினேன். முழுக்க மலையாளம், தேதி இருந்த இடத்தில் '1108 மீனம்'.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ன சார், வருஷமே தப்பா இருக்கு?" கொல்லம் ஆண்டு, நம் கணக்கில் 1933 மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும் என்றேன். "அப்போ நீங்க மலையாளியா?" இல்லை, தமிழ்தான். "அப்புறம் ஏன் பத்திரம் மலையாளத்துல?"

வரிசையில் எனக்குப் பின்னால் எட்டுப் பேர். அங்கே நின்று எப்படிச் சொல்வது, இங்கே சொல்கிறேன். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1795 வரை தலைநகரே எங்கள் பக்கத்துப் பத்மநாபபுரம்தான். வீட்டில் தமிழ், அரசுக் கச்சேரியில் மலையாளம் என்று பல தலைமுறை ஓடியது. நேசமணி தலைமையில் தாய்த்தமிழகத்தோடு சேரப் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர் அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியா! 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாறசாலையில் கட்டிக்கொடுத்த எங்கள் பெரிய அத்தை அன்றிலிருந்து 'கேரளத்து அத்தை' ஆனாள். நடந்தே போகிற தூரம்தான்.

மார்த்தாண்டத்தில் ஓய்வுபெற்ற ஆதார (பத்திர) எழுத்தர் ஒருவரைப் பிடித்துப் பிரமாணத்தை மொழிபெயர்த்தாயிற்று. அவர் அரசு அங்கீகாரம் பெற்றவரா என்று இப்போது கேட்கிறார்கள்.

ரயில்பித்தன்:
உங்கள் பத்திரம் மட்டுமா? நாகர்கோவில் ஸ்டேஷன் இன்றைக்கும் திருவனந்தபுரம் கோட்டம். மதுரைக் கோட்டத்தில் சேர்க்கச் சொல்லி நாங்கள் போட்ட மனுக்களை அடுக்கினால் ஒரு பெட்டி நிறையும்.

லயத்துப் பையன்:
நீங்கள் வந்து சேர்ந்த கதை சொல்கிறீர்கள், எங்களுடையது விடுபட்ட கதை. பிறந்தது மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில். எங்கள் மலைத் தாலுகாக்கள் தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் உங்களோடு சேர்த்துத்தான் கேட்டார்கள். மாநில எல்லைகளைத் திருத்த அமைத்த பசல் அலி கமிஷன் 1955இல் கொடுத்த அறிக்கை, இங்கே தமிழர்கள் கணிசமாக இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்கிற மாதிரி எழுதியது. கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இந்த மலை வேண்டும் என்பது இன்னொரு காரணம். தேயிலை, ஏலம், தண்ணீர் எல்லாம் இங்கேதானே. அந்தக் காரணத்தையாவது ஒளிக்காமல் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் காரணம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. என் அப்பத்தா பிறந்ததும் செத்ததும் ஒரே லயத்தில், இரண்டு கதவு தள்ளி.

கல்லூரிக்குத் தேனி போனேன். ஹாஸ்டலில் 'சேட்டா' என்று கூப்பிட்டார்கள். லீவுக்குப் போடிமெட்டு ஏறி ஊர் வந்தால் செக்போஸ்ட்டில் 'பாண்டி', தமிழனுக்கு மலையாளத்தில் வைத்த கேலிப் பெயர். ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு பட்டம்.

மதுரை அக்கா:
தம்பி, கோபப்படாதீர்கள், உங்கள் மலைக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு சம்பந்தி வீடு இருக்கிறது. நாங்கள் மதுரை சௌராஷ்டிரர். கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவு சாஸ்தாவுக்கு எங்கள் குலத்துப் பெண் புஷ்கலா வாழ்க்கைப்பட்டதாக ஐதீகம். வருஷா வருஷம் மார்கழியில் திருக்கல்யாணம். பெண் வீட்டார் நாங்கள். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் நிற்பது திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு. முந்தின நாள் நிச்சயதார்த்தத்துக்குப் பெயரே பாண்டியன் முடிப்பு.

ஒரு தடவை செங்கோட்டை தாண்டி வேனை நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப் பார்த்த போலீஸ்காரர், மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டைத் தூக்கிக் காட்டி, "பொண்ணுக்குப் புடவை கொண்டு போறோம்" என்றார் தமிழில். போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டார்.

குழித்துறைக்காரன்:
அக்கா, எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, குமாரகோவில் முருகன் மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். சரஸ்வதி யானை மேல். புறப்படுமுன் பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறும். அந்த அரண்மனை நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. முதல் ராத்திரி தங்குவது எங்கள் குழித்துறை மகாதேவர் கோயிலில். மறுநாள் களியக்காவிளை எல்லையில் கேரளக்காரர்கள் வரவேற்றுக் கூட்டிப்போவார்கள்.

சின்ன வயதில் பாட்டா தோளில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். யானை எல்லையைத் தாண்டியதும் நான் அழுதேனாம், அம்மனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று. "பத்து நாளுல வந்திருவா மக்கா, உங்க கேரளத்து அத்தை மாதிரி இல்ல" என்றார் பாட்டா. அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அதற்காக அவள் பாட்டாவோடு எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாள் என்பது தனிக்கதை.