புதுப்பிப்பு: இணையத்தில் மக்கள் கருத்துக் கேட்பு, போல்.இஸ் கைகொடுத்தது

எங்கள் குடியிருப்போர் குழு, ஒரு தெருவை வாகனங்களுக்கு மூடலாமா என்று இணையத்தில் கருத்துக் கேட்டபோது நாலைந்து பேரே வாதாடிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்று இங்கே எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் டெசிடிமைப் பார்த்தோம். மக்களிடம் கருத்தும் யோசனையும் கேட்கப் பார்சிலோனா மாநகராட்சி 2016-இல் தொடங்கிய திறந்த மூல இணையத் தளம். அருமையானதுதான், ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு அது பெரிய ஏற்பாடு. அப்புறம் போல்.இஸ். ஊபர் விதிமுறைகள் பற்றித் தைவானில் 2015-இல் கருத்துக் கேட்கப் பயன்பட்ட அதே கருவி. இதில் யாருக்கும் பதில் எழுத முடியாது. முன்வைக்கப்படும் ஒவ்வொரு சிறு கூற்றுக்கும் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து செல் என்று மட்டும் சொல்லலாம். ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை அது குழுக்களாகப் பிரித்துக் காட்டும். பதில் பொத்தான் இல்லாததுதான் எங்கள் சிக்கலைத் தீர்த்தது. வாயே திறக்காதவர்கள்கூட வாக்களித்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: எதிரெதிரான இரு குழுக்களும் "பள்ளி விடும் நேரத்தில் மட்டும் மூடலாம்" என்ற கூற்றை ஏற்றன. கூட்டங்களில் யாருமே இதைச் சொன்னதில்லை.

தேடி வருபவர்களுக்கு: ஒரு கூற்றில் ஒரு கருத்து மட்டும் இருக்கட்டும், இரண்டைச் சேர்த்தால் பலர் கடந்துவிடுகிறார்கள். முதியவர்கள் தானாக வரவில்லை, தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கைப்பேசியுடன் போக வேண்டியிருந்தது. முடிவுகளுக்கு எழுத்தில் பதில் தருவதாக உள்ளாட்சி உறுப்பினரிடம் முன்பே உறுதி வாங்கியிருந்தோம். பதில் வந்துவிட்டது: சோதனை முறையில் மூடிப் பார்க்கச் சம்மதம்.