8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் 'ஏபிடி அப்டேட்' சர்வரின் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்கிறது

முனையவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உபுண்டு 22.04 ஓடும் சர்வர் ஒன்றுக்கு நேற்று மாலை நிலையான ஐபி முகவரி அமைத்தேன். அதுவரை ரௌட்டரிடமிருந்து டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் முறை) வழியாகவே அது முகவரி பெற்று வந்தது. நெட்பிளான் (உபுண்டுவின் வலையமைப்பு அமைவு) கோப்பில் முகவரியாக 192.168.1.40/24 என்றும், இயல்பு வழியாக (வெளியே போகும் நுழைவாயில், அதாவது ரௌட்டர்) 192.168.1.1 என்றும் எழுதி, 'நெட்பிளான் அப்ளை' கொடுத்தேன். புதிய முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் இணைப்பு உடனே கிடைத்துவிட்டதால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) பட்டியலைப் புதுப்பிக்க 'சுடோ ஏபிடி அப்டேட்' கொடுத்தபோது ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் 'டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்' என்று வந்தது. ஆனால் 8.8.8.8-க்கு பிங் கொடுத்தால் ஒன்றுகூடத் தவறாமல் பதில் வருகிறது. பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் நேம்சர்வர் எது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் நேம்சர்வர் 127.0.0.53 என்று இருந்தது. இது இந்த இயந்திரத்தின் சொந்த முகவரிதானே, தவறாக இருக்கும் என்று கருதி 8.8.8.8 என்று மாற்றினேன். உடனே எல்லாம் சரியானது.

அடுத்து 'ஏபிடி அப்கிரேட்' கொடுத்தேன். பூட்டுக் கோப்பை 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்ற செயல்முறை வைத்திருப்பதாகச் சொல்லிக் காத்துக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் பொறுத்துவிட்டு ரீபூட் கொடுத்தேன். அதுவும் நிற்காமல் இழுத்ததால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்போது ரிசால்வ்.கான்ஃப் மறுபடியும் 127.0.0.53-க்குத் திரும்பிவிட்டது, போதாக்குறைக்கு, எந்தப் பொதியை நிறுவ முயன்றாலும் டிபிகேஜி (ஏபிடிக்காகப் பொதிகளை நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

கரும்பலகை (பதில்):

வார் கோப்புறையின் கீழ் உள்ள டிபிகேஜி பூட்டுக் கோப்புகளை 'ஆர்எம்' கொடுத்து அழித்துவிடுங்கள். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் மீண்டும் 8.8.8.8 என்று எழுதி, 'சிஹெச்ஏடிடிஆர்' கட்டளையால் அதை மாற்ற முடியாதபடி ஆக்கிவிடுங்கள். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன்.

வழித்தடம் (பதில்):

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். நண்பரின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டும் தற்செயலாகப் பலன் தரக்கூடியவைதான், ஆனால் இரண்டுமே உண்மையான காரணத்தை மூடி மறைப்பவை.

பூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இது பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 'லாக்-ஃப்ரண்ட்எண்ட்' என்ற கோப்பு இருப்பதே பூட்டு அல்ல. யாரும் ஏபிடியை இயக்காத நேரத்திலும் அந்தக் கோப்பு அங்கேதான் கிடக்கும். ஓடும் செயல்முறை ஒன்று அந்தக் கோப்பின் மீது கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையக்கருவிடம்) கேட்டுப் பெறும் உரிமைதான் பூட்டு. அந்தச் செயல்முறை முடிந்தாலும் செத்தாலும் கெர்னலே அதை விடுவித்துவிடும். ஆகவே இயந்திரத்தை அணைத்து ஏற்றிய பிறகு பழைய பூட்டு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. மாறாக, ஒரு செயல்முறை உயிரோடு இருக்கும்போது கோப்பை அழித்தால், இரண்டாவது ஏபிடி அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்கி அதன் மீது தனிப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் பொதித் தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கும். பூட்டு எதைத் தடுக்க இருக்கிறதோ, அதையே நாம் வரவழைத்துக்கொள்வோம்.

நேற்று நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: நீங்கள் டிஎன்எஸ்ஸை (பெயரை முகவரியாக மாற்றும் முறையை) தற்காலிகமாகச் சரிசெய்ததும், 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்று தெரிந்த தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கும் இணையம் கிடைத்துத் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. செய்தியிலேயே செயல்முறை எண் இருந்திருக்கும். 'பிஎஸ்' கொடுத்து அந்த எண்ணைப் பார்த்திருந்தால், அல்லது பதிவுகளுக்கான லாக் கோப்புறையில் உள்ள 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' பதிவைத் திறந்திருந்தால், அது சிக்கி நிற்கிறதா, உழைத்துக்கொண்டிருக்கிறதா என்பது தெரிந்திருக்கும். ரீபூட் இழுத்ததும் அதனால்தான். பாதி நிறுவலில் அணைந்துவிடக் கூடாது என்று அது பணிநிறுத்தத்தைத் தாமதப்படுத்தும்.

இப்போது முதலில் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுங்கள். ஏற்கெனவே விரித்து வைக்கப்பட்டு, அமைவு முடியாமல் நிற்கும் பொதிகளை மட்டுமே அது முடித்து வைக்கும் என்பதால் பெரும்பாலும் இதற்கு இணையம் தேவைப்படாது.

டிஎன்எஸ் விஷயத்தில் 127.0.0.53 குற்றவாளி அல்ல. அது சிஸ்டம்டி-ரிசால்வ்ட் உங்கள் இயந்திரத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும் முகவரி. கேள்வியை வாங்கி, உண்மையான நேம்சர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. ஈடிசி கோப்புறையில் நீங்கள் திருத்தியது ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) மட்டுமே. அசல் கோப்பு 'ரன்' கோப்புறையில், அதாவது நினைவகத்தில், இருக்கிறது. ஒவ்வொரு முறை இயந்திரம் ஏறும்போதும் அது புதிதாக எழுதப்படுவதால்தான் உங்கள் திருத்தம் காணாமல் போனது.

'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்', 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' ஆகிய மூன்றின் வெளியீட்டையும் இங்கே இடுங்கள். எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஆனால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முனையவாசி:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. டிபிகேஜி கட்டளை 6 பொதிகளை அமைத்துவிட்டுப் பிழையின்றி முடிந்தது.

'ஐபி அட்ரஸ்' காட்டுவதன்படி இஎன்பி3எஸ்0 வலையமைப்பு இடைமுகம் 'ஸ்டேட் அப்' நிலையில், 192.168.1.40/24 முகவரியுடன் இருக்கிறது. 'ஐபி ரூட்' வெளியீட்டின் முதல் வரி 'டிஃபால்ட் வயா 192.168.1.1' என்று இருக்கிறது. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' வெளியீட்டில் இஎன்பி3எஸ்0 என்ற தலைப்பின் கீழ் 'கரண்ட் ஸ்கோப்ஸ்: நன்' என்று மட்டும் இருக்கிறது, டிஎன்எஸ் சர்வர் என்ற வரியையே காணவில்லை.

வழித்தடம்:

அந்தக் காணாமற்போன வரிதான் விடை. முன்பு டிஹெச்சிபி உங்களுக்கு முகவரியை மட்டும் தரவில்லை. நுழைவாயிலையும் நேம்சர்வரையும் சேர்த்தே தந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு நிலையான முகவரிக்கு மாறும்போது மூன்றையும் நாமே எழுத வேண்டும். நீங்கள் இரண்டை எழுதி மூன்றாவதை விட்டுவிட்டீர்கள். எண்ணாக எழுதிய முகவரிக்கு பிங் போனதும், பெயருக்குப் போகாததும் இதனால்தான்.

கோப்பைத் தொடும் முன் 'சுடோ ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ் இஎன்பி3எஸ்0 192.168.1.1' என்று கொடுத்துத் தற்காலிகமாகச் சோதித்துப் பாருங்கள். சோதனைக்கு 'டிக்' கட்டளையைவிட 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்' நல்லது. டிக் நேராக நேம்சர்வரிடம் கேட்டுவிடும். கெட்என்டோ, ஏபிடி பயன்படுத்தும் அதே கணினிப் பாதையில், ஹோஸ்ட்ஸ் கோப்பு உட்பட எல்லாவற்றையும் கடந்து போகும். டிக் பதில் தந்தும் ஏபிடி தோற்பதை நான் நேரில் பார்த்து, ஒரு பிற்பகலை அதில் தொலைத்திருக்கிறேன்.

சரியாக வந்தால், நெட்பிளான் கோப்பில் இஎன்பி3எஸ்0 பகுதிக்குள், 'அட்ரஸஸ்', 'ரூட்ஸ்' ஆகியவை தொடங்கும் அதே ஓரத்தில் 'நேம்சர்வர்ஸ்' என்று எழுதி, அதற்கு உள்ளடங்கி 'அட்ரஸஸ்' என்ற பெயரில் ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். இது யாமல் கோப்பு என்பதால் டேப் விசையைத் தொடாமல் இடைவெளிகளை மட்டும் இடுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர் 'நெட்பிளான் அப்ளை' கொடுப்பதைவிட 'நெட்பிளான் ட்ரை' கொடுப்பதே அறிவுடைமை. 120 வினாடிகளுக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

நள்ளிரவுக் காவல் (பதில்):

ஒரே ஒரு சேர்க்கை. பெயரைக் கண்டறிய முடியாமல் 'ஏபிடி அப்டேட்' தோற்றாலும், சில பட்டியல்களைப் பெற முடியவில்லை, பழையவற்றையே பயன்படுத்துகிறேன் என்று எச்சரித்துவிட்டு வெளியேறும் குறியீடாக 0 தந்துவிடும். இதை ஸ்கிரிப்டில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பொறி: ஸ்கிரிப்ட் வெற்றி என்று எண்ணி நிறுவலுக்குப் போகும், பழைய பட்டியலில் உள்ள பதிப்பு களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தால் 404 பிழையோடு நிற்கும். ஸ்கிரிப்டில் 'ஏபிடி-கெட் அப்டேட் --எரர்-ஆன்=எனி' என்று எழுதினால் அங்கேயே தோல்வி காட்டும். ஸ்கிரிப்டுகளில் தன்னைக் கவனமாகப் பயன்படுத்துமாறு ஏபிடியே எச்சரிக்கிறது, அங்கே ஏபிடி-கெட்தான் பொருத்தம்.

கரும்பலகை:

பூட்டு என்பது அந்தக் கோப்பே என்றுதான் இதுநாள் வரை எண்ணியிருந்தேன். என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு இயந்திரங்களில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நான் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறேன், அவற்றை முதலில் அவிழ்க்க வேண்டும்.

முனையவாசி:

'நேம்சர்வர்ஸ்' வரியைச் சேர்த்து 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தேன். முதல் முறை ஓர் இடைவெளி பிசகியதால் கோப்பின் 11-ஆவது வரியில் பிழை என்று திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது. இப்போது 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' வெளியீட்டில் 192.168.1.1 தெரிகிறது, ரிசால்வ்.கான்ஃப் 127.0.0.53 என்றே இருக்கிறது, 'ஏபிடி அப்டேட்' ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. வேண்டுமென்றே ஒரு முறை ரீபூட் செய்தும் பார்த்துவிட்டேன். இம்முறை பொத்தானைத் தொடவில்லை.