கமராவுக்கு மேல ஓவர்லே போட்டால் தட்டுற இடத்தில ஃபோகஸ் ஆகுதில்லை – அண்ட்ரொய்ட், கமராஎக்ஸ்

வரம்போரம்:
வணக்கம் அண்ணாமார். இரணைமடுக் குளத்துக்குக் கீழ உள்ள வயல்களில கமக்காரர் நோய் வந்த நெல் இலையைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புற அப் ஒண்டு கொட்லின் மொழியில, கமராஎக்ஸ் எண்ட கமரா நூலகத்தை வைச்சுச் செய்யிறம். கமராப் படத்தைத் திரையில காட்டுற ப்ரிவியூவியூவுக்கு மேல சுத்திவர இருட்டாக்கி, நடுவில இலை அளவுக்கு இடம் விட்ட ஓவர்லே வியூ ஒண்டு இருக்கு. அதைப் போட்ட பிறகு தட்டுறது ஒண்டும் கமராவுக்குப் போகேல்லை. அதால ஓவர்லேயிலயே டச் லிசினர் வைச்சு, அதின்ர அகலம் உயரத்தை, தட்டின இடத்தைக் கமராவின் ஃபோகஸ் புள்ளியாக மாத்துற டிஸ்பிளே ஓரியண்டட் மீட்டரிங் பொயிண்ட் ஃபக்டரிக்குக் குடுத்தம். இப்ப நடுவில தட்டினால் சரி. ஓரத்தில தட்டினால் இலையை விட்டுட்டுப் பின்னுக்கு நிக்கிற பயிரில ஃபோகஸ் ஆகுது. சரியாப் பிடிச்சாலும் கொஞ்சத்தில விட்டுடுது. சில மலிவுப் போன்களில எதுவுமே நடக்குதில்லை. எங்க பார்க்கவேணும்?

பாலைநிழல்:
ஓரத்தில பிழைக்கிறதுக்குக் காரணம் படம் வெட்டுப்படுறது. ப்ரிவியூவியூவின் இயல்பான ஸ்கேல் டைப் ஃபில் சென்டர், அதாவது படத்தால திரையை நிரப்பி மிச்சத்தை வெட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கோ: திரை 1080×2400, கமராப் படம் 3:4. உயரம் 2400ஐ நிரப்ப அகலம் 1800 வேணும், அதால இரண்டு பக்கமும் 360 பிக்சல் திரைக்கு வெளியில போகுது. திரையின் இடது விளிம்பைத் தட்டினால் உங்கட கணக்கில அது 0. படத்தில அது 360/1800, அதாவது 0.2. நடுவில பிழை இல்லை, விளிம்புக்குப் போகப் போகக் கூடும். நீங்கள் சொன்ன அறிகுறி அதேதான்.

இந்தக் கணக்கை நீங்களே எழுதாதேங்கோ. ப்ரிவியூவியூவிடமே மீட்டரிங் பொயிண்ட் ஃபக்டரியைக் கேட்டு வாங்கி, கிரியேட் பொயிண்டுக்கு எக்ஸ், வை இரண்டையும் பிக்சலாக அப்படியே குடுங்கோ. வெட்டு, சுழற்சி எல்லாத்தையும் அது பார்க்கும். ப்ரிவியூவியூவின் அகலமோ உயரமோ 0 ஆக இருக்கேக்க வாங்கினால் செல்லாத புள்ளிதான் வரும். அதால ஒவ்வொரு தட்டிலும் புதிதாக வாங்குங்கோ.

தட்டு போய்ச் சேராததுக்கு ஓவர்லேயில கிளிக்கபிள் ட்ரூ எண்டு இருக்கோ, கிளிக் லிசினர் இருக்கோ எண்டு பாருங்கோ. ஃபிரேம் லேயவுட்டில மேல உள்ள வியூவுக்குத்தான் டச் முதல் போகும். அது ட்ரூ எண்டு திருப்பினால் கீழ வராது. வெறும் ஒன்ட்ரோவில கீறுற வியூ தானாக டச்சைப் பிடிக்காது. லிசினரை ஓவர்லேயிலயிருந்து கழட்டி ப்ரிவியூவியூவில வையுங்கோ. அதில அக்‌ஷன் டவுனுக்கு ட்ரூ திருப்பவேணும், இல்லாட்டி அக்‌ஷன் அப் வரவே வராது. இதில கனபேர் தடுமாறுகினம்.

முதிரை:
பாலைநிழல் சொன்னதோட இன்னொண்டு. ஃபோகஸ் விட்டுடுறது பிழை இல்லை. தட்டினதும் போற ஃபோகஸ் கட்டளையான ஃபோகஸ் மீட்டரிங் அக்‌ஷன் 5 செக்கனில தானாகவே ரத்தாகி, திரும்பத் தொடர் ஃபோகஸுக்குப் போயிடும். வயல் காத்தில இலையைப் பிடிச்சுக்கொண்டு பட்டனை அமத்த அந்த நேரம் காணாது. அதை உருவாக்கிற பில்டரில டிசேபிள் ஓட்டோ கான்சலைப் போட்டு, படம் எடுத்து முடிய கான்சல் ஃபோகஸ் அண்ட் மீட்டரிங்கை நீங்களே கூப்பிடுங்கோ.

பில்டருக்குப் புள்ளியை மட்டும் குடுத்தால் ஃபோகஸ், வெளிச்சம், வெள்ளைச் சமநிலை மூண்டையும் அந்தப் புள்ளிக்கு ஏற்றுக்கொள்ளும். நோய் பார்க்கிற அப்புக்கு இது கூடாது. திரை முழுக்கப் பச்சை இலை நிக்கேக்க நிறம் இழுபட்டால் மஞ்சளிப்பை நம்ப ஏலாது. ஏஎஃப் (ஃபோகஸ்), ஏஈ (வெளிச்சம்) எண்ட இரண்டு கொடியை (ஃப்ளாக்) மட்டும் குடுங்கோ. ஏஈயை விடாதேங்கோ, வயலில நிக்கிற தண்ணியில வெயில் தெறிச்சால் இலை கறுத்துப் போகும்.

ஒருவர் வேகமாக இரண்டு தரம் தட்டினால் முதல் தட்டின் முடிவைத் தாற ஃபியூச்சர் ஒப்பரேஷன் கான்சல்ட் எக்செப்ஷனோட முடியும். அதைப் பிழைச் செய்தியாகக் காட்டாமல் பேசாமல் விடுங்கோ.

வரம்போரம்:
நன்றி அண்ணா, ஓரம் சரிவந்திட்டுது. மலிவுப் போன் மட்டும் இன்னும் அப்படியே.

முதிரை:
அதில லென்ஸ் அசையாத நிலையான ஃபோகஸாக இருக்கும். கமரா இன்ஃபோவில இஸ் ஃபோகஸ் மீட்டரிங் சப்போட்டட்டை ஏஎஃப் மட்டும் உள்ள அக்‌ஷனோட கேளுங்கோ. ஃபோல்ஸ் வந்தால் தட்டின இடத்தில ஃபோகஸ் வளையத்தைக் காட்டவே வேண்டாம், இல்லாட்டி ஃபோகஸ் ஆயிட்டுது எண்டு ஆக்கள் நம்பிப்போடுவினம். அண்ட்ரொய்டின் கமரா2 ஏபிஐ தருகிற மினிமம் ஃபோகஸ் டிஸ்டன்ஸையும் பாருங்கோ. அது டயொப்டரில (1ஐ மீற்றர் தூரத்தால பிரிச்ச அளவு) வரும்: 10 எண்டால் 10 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம், 0 எண்டால் நிலையான ஃபோகஸ். 0 வாற போனில ஓவர்லேயின் இலைச் சட்டத்தைச் சின்னனாக்குங்கோ. ஆள் தானாகவே போனைத் தள்ளிப் பிடிப்பார். முழு அளவில எடுத்திட்டுப் பிறகு வெட்டலாம்.

குளக்கட்டு:
இதையே ஃப்ளட்டரில (கூகுளின் இன்னொரு அப் கட்டமைப்பு) செய்யிற ஆக்களுக்கு: ஓவர்லேயைக் கீறக் கஸ்டம் பெயின்டில பெயின்டர் குடுத்தால், ஹிட் டெஸ்டை மாத்தி எழுதாத வரைக்கும் அது தட்டைப் பிடிச்சுக்கொள்ளும். இக்னோர் பொயின்டருக்குள்ள சுத்திவிடுங்கோ. செட் ஃபோகஸ் பொயிண்டுக்கு 0க்கும் 1க்கும் இடையில் உள்ள எண்தான் போகவேணும், அங்க ப்ரிவியூவை பொக்ஸ்ஃபிட் கவர் போட்டு வெட்டியிருந்தால் மேல சொன்ன 360 கணக்கை நீங்களேதான் எழுதவேணும்.