காளத்தி பழைய போட்டோ யாரிடமாவது இருக்கா?

வணக்கம் உறவுகளே. நான் காளஹஸ்திக்காரன். திருப்பதி–நாயுடுப்பேட்டை ரோட்டை ஆறு வழியாக்குற வேலை வந்த பிறகு ஊர் முகமே மாறிட்டு வருது. பழைய ஓட்டு வீடுகள் போய் லாட்ஜ்களா எழும்புது. வசதி வேணும்தான், மறுக்கல. ஆனா பொன்முகலி ஆத்துக் கரை எப்படி இருந்துச்சுன்னு எங்க பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்கூட இல்ல.

எங்க ஊர் சிவன் கோயிலுக்கு கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டின ராஜகோபுரம் 2010 மே 26 ராத்திரி சரிஞ்சு விழுந்துச்சு. 2017-ல் குடமுழுக்கு கண்டது புதுக்கோபுரம். பழையது கண்ணுக்குள்ளயே நிக்குது.

2010-க்கு முன்னாடி இங்க ராகு கேது பரிகாரத்துக்கு வந்தவங்க, வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. ஆத்துப் படித்துறை, கோபுரம், கடைத்தெரு எது இருந்தாலும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. எடுத்த வருஷமும் எழுதுங்க. பின்னணியில தெரியுற வீடுகள்தான் எனக்கு ரொம்ப முக்கியம், அதனால ஓரத்தை வெட்டிடாதீங்க.